ராடு ஏன் வளைந்தது?



பூவிருந்தவல்லியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய மடல் இரண்டு வாரங்களாக என் மேசைமீது இருக்கிறது. அவருடைய மகள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமோ முடித்திருக்கிறாள். இயந்திரங்களை வடிவமைக்கும் வேலைக்குச் செல்ல வேண்டும் என்பது அவள் ஆசை. வீட்டிலோ இரண்டு தடைகள். "பட்டறை வேலை பெண்பிள்ளைக்கு எதற்கு?" என்கிறார் நன்னா. "கம்ப்யூட்டரே கணக்குப் போட்டு, கம்ப்யூட்டரே வரைந்து கொடுத்துவிடுகிற காலத்தில் இவளுக்கு அங்கே என்ன வேலை இருக்கப்போகிறது?" என்கிறார் மாமா. "முதல் கேள்வியை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். இரண்டாவது கேள்விக்கு உங்கள் பகுதியில் விடை எழுதுங்கள்" என்று கேட்டிருக்கிறார் அந்தத் தாய்.

விடையை ஒரு நிகழ்ச்சியாகவே சொல்லிவிடுகிறேன். அதில் பிழை செய்தவன் நான். ஆகவே யாரையும் குறை கூறியதாகாது.

சென்னைக்கு மேற்கே உள்ள அம்பத்தூரும் பாடியும் ஆவடியும் இரும்போடு பழகி வளர்ந்த ஊர்கள். 1949இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. 1960களிலேயே பாடியில் வீல்ஸ் இந்தியா, பிரேக்ஸ் இந்தியா, லூகாஸ் டி.வி.எஸ். போன்ற ஆலைகள் எழுந்தன. 1964இல் மாநில அரசு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையை அமைத்தது. பெரிய ஆலைகளுக்கு வேண்டிய உதிரிகளையும் கருவிகளையும் செய்து கொடுக்கும் சிறு பட்டறைகள் அங்கே நூற்றுக்கணக்கில் பெருகின. அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில்தான் நான் வரைவாளனாகச் சேர்ந்தேன். ஹைட்ராலிக் சிலிண்டர்கள் செய்வது எங்கள் தொழில்.

ஹைட்ராலிக் சிலிண்டர் என்பது யாது? மண் அள்ளும் வண்டியின் கையை மடக்கி நீட்டுவதைச் சாலையோரத்தில் கண்டிருப்பீர்கள். பளபளக்கும் இரும்புத் தண்டு ஒன்று குழாய்க்குள்ளிருந்து வெளியே வந்து உள்ளே போகும். அந்தத் தண்டுதான் ராடு. குழாய்க்குள் எண்ணெயை அழுத்திச் செலுத்தினால் ராடு வெளியே தள்ளப்படும். தள்ளும் விசை, எண்ணெயின் அழுத்தம், ராடு வெளியே வரவேண்டிய தூரமாகிய ஸ்ட்ரோக் ஆகிய மூன்றையும் வாடிக்கையாளர் சொல்லுவார். மற்றவற்றை நாங்கள் முடிவு செய்ய வேண்டும்.

அந்நாளில் எல்லாம் கைவேலை. பலகையில் டிரேசிங் தாளை ஒட்டி, மைப்பேனாவால் கோடு போடுவோம். கோடு தவறினால் பிளேடால் சுரண்டுவோம். அமோனியா நெடி மூக்கைத் துளைக்கப் பிரதி எடுப்போம். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியினர் தொகுத்த டிசைன் டேட்டா புத்தகம் பலகையின் ஓரத்தில் எப்போதும் விரிந்து கிடக்கும். ஒரு சிலிண்டருக்கு முழு வரைபடம் தயாரிக்க இரண்டு நாட்களாகும். அடுத்த வாரம் வரும் ஆர்டரில் விசையும் ஸ்ட்ரோக்கும் மட்டுமே மாறியிருக்கும். ஆயினும் அதே இரண்டு நாட்கள், அதே கோடுகள், அதே கழுத்துவலி!

1997இல் எங்கள் முதலாளி ஒரு கம்ப்யூட்டரும் ஆட்டோகேட் மென்பொருளும் வாங்கினார். அதை இயக்க என் நண்பரின் மகள் வந்து சேர்ந்தாள். டிப்ளமோ படித்த, துடிப்பான பெண். என்னைச் சாச்சா என்று அழைப்பாள். ஒரு மாதம் நான் கொடுத்தவற்றையெல்லாம் பலகைக்குப் பதிலாகத் திரையில் வரைந்தாள். பிறகு ஒருநாள் கேட்டாள்: "சாச்சா, எல்லாச் சிலிண்டரும் ஒரே மாதிரிதானே இருக்கிறது? கணக்கு எப்படிப் போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். அதை எழுதிக் கொடுத்துவிட்டால் கம்ப்யூட்டரே வரைந்துவிடும்."

அவள் சொன்னது புதிய கற்பனையன்று. 1963இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஐவன் சதர்லண்ட் என்ற ஆய்வு மாணவர், ஒளிப்பேனாவால் திரையில் வரையும் ஸ்கெட்ச்பேட் என்ற அமைப்பைச் செய்து காட்டினார். இரண்டு கோடுகள் இணையாக இருக்க வேண்டும், அல்லது ஒரே நீளமாக இருக்க வேண்டும் என்று கட்டளையிட்டால், அந்த நிபந்தனையை இயந்திரமே காப்பாற்றியது. கோடு போடுவதோடு விதியையும் நினைவில் வைத்துக்கொள்ளும் பலகை அது! 1982இல் வெளிவந்த ஆட்டோகேட், திரையில் வரையும் வசதியைச் சிறிய கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தது. 1986இல் அதனோடு ஆட்டோலிஸ்ப் என்ற சிறு மொழியும் சேர்ந்தது. அந்த மொழியில் விதிகளை எழுதினால் மென்பொருள் தானே கணக்கிட்டுத் தானே வரையும். 1980களின் இறுதியில் வந்த புரோ எஞ்சினியர் மென்பொருளிலோ, ஓர் அளவை மாற்றினால் அதைச் சார்ந்த உருவம் முழுவதும் தானாகவே மாறியது.

நான் விதிகளைச் சொன்னேன், அவள் எழுதினாள். எடுத்துக்காட்டாக, 10 டன் விசை வேண்டும். எண்ணெயின் அழுத்தம் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 160 கிலோ என்று கொள்வோம். 10,000ஐ 160ஆல் வகுத்தால் 62.5 சதுர சென்டிமீட்டர் பரப்பு வேண்டும். அதற்குரிய விட்டம் 89 மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அந்த அளவில் குழாய் கிடைக்காது. ஆகவே அடுத்த நிலையளவாகிய 100 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்ள வேண்டும். "100க்கு ராடு எவ்வளவு சாச்சா?" என்றாள். "56" என்றேன். பத்தாண்டுகளாக அப்படித்தான் போட்டுக்கொண்டிருந்தேன். அவளும் 56 என்று எழுதிக்கொண்டாள்.

மூன்று மாதங்களில் நிரல் தயாராயிற்று. மூன்று எண்களைத் தட்டினால் போதும். தேநீர் குடித்து முடிப்பதற்குள் வரைபடம் வந்துவிடும். பொருள் பட்டியலும் உடன் வரும். பட்டறையே வியந்தது. நானும் பெருமிதத்தோடு வந்தவர்களுக்கெல்லாம் காட்டினேன்.

அடுத்த ஆண்டு ஓர் ஆர்டர் வந்தது. அதே 10 டன், அதே அழுத்தம். ஆனால் ஸ்ட்ரோக் மட்டும் 110 சென்டிமீட்டர். நாங்கள் வழக்கமாகச் செய்தது 40 சென்டிமீட்டர் அளவில்தான். அவள் எண்களைத் தட்டினாள். அழகான வரைபடம் வந்தது. நானும் மேலோட்டமாகப் பார்த்துக் கையெழுத்திட்டேன். சிலிண்டர் போய்ச் சேர்ந்தது. இரண்டாவது வாரத்தில் வாடிக்கையாளரிடமிருந்து தொலைபேசி வந்தது. ராடு நடுவில் வில்லாக வளைந்துவிட்டது. உணவு இடைவேளையாதலால் அருகில் யாரும் இல்லை. இறைவன் காத்தான்.

பட்டறையில் அன்று ஒரே பேச்சு. "கம்ப்யூட்டர் போட்ட கணக்கு இப்படித்தான் இருக்கும்" என்றார் ஒருவர். "சின்னப் பெண்ணை நம்பினால் என்ன ஆகும்? நான் அப்போதே சொன்னேன்" என்றார் மேஸ்திரி. அந்தப் பெண் தலைகுனிந்து நின்றாள். "நீங்கள் சொன்னதைத்தானே எழுதினேன், சாச்சா" என்று மெல்லிய குரலில் ஒரே ஒருமுறை சொன்னாள். நான் வாய் திறக்கவில்லை. நேயர்களே, அந்த ஒரு நாள் மௌனத்தை நினைத்தால் இன்றும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மறுநாள் காலை யாரும் வருவதற்கு முன் பட்டறைக்குச் சென்று, பழைய வரைபடங்கள் வைத்திருந்த அலமாரியைத் திறந்தேன். 1986இல் நான் கைப்பட வரைந்த ஒரு தாள் கிடைத்தது. அதுவும் 100 மில்லிமீட்டர் சிலிண்டர். ஸ்ட்ரோக் ஒரு மீட்டருக்கு மேல். ராடின் விட்டத்தைப் பார்த்தேன். 70 என்று இருந்தது. என் கையெழுத்தேதான்!

அப்படியானால் எனக்குத் தெரிந்திருக்கிறது. ஸ்ட்ரோக் நீண்டால் ராடு பருக்க வேண்டும் என்பதை என் கை அறிந்திருந்தது, நாக்கு சொல்லவில்லை. தாளில் 70 என்று எழுதிய நான், ஏன் 70 என்று ஒரு வரி எழுதவில்லை.

காரணம் இதுதான். ஒரு சாண் குச்சியை இரு முனையிலும் பிடித்து அழுத்திப் பாருங்கள், எளிதில் வளையாது. அதே பருமனில் நான்கு முழக் குச்சியை அழுத்துங்கள், உடனே வளையும். 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை இதற்குச் சூத்திரம் கண்டார். நீளம் இரு மடங்கானால் தாங்கும் திறன் நான்கில் ஒரு பங்காகக் குறையும். விட்டம் கால் பங்கு கூடினாலோ தாங்கும் திறன் ஏறத்தாழ இரண்டரை மடங்காக உயரும்.

எங்கள் சிலிண்டருக்கு இதைப் போட்டுப் பார்த்தேன். 62.5 சதுர சென்டிமீட்டர் போதும் என்ற இடத்தில் நிலையளவுக்காக 100 மில்லிமீட்டர் குழாய் எடுத்ததால், முழு அழுத்தத்தில் அது 10 டன் அன்று, 12.5 டன் தள்ளும். 40 சென்டிமீட்டர் ஸ்ட்ரோக் என்றால், முழுவதும் நீட்டிய நிலையில் இரு முனைப் பின்களுக்கும் இடையே ஏறத்தாழ 110 சென்டிமீட்டர் இருக்கும். அந்த நீளத்தில் 56 மில்லிமீட்டர் ராடு அந்த விசையைப் போல ஆறு மடங்குக்கு மேல் தாங்கும். 110 சென்டிமீட்டர் ஸ்ட்ரோக்கில் பின்களுக்கு இடையே 250 சென்டிமீட்டர் ஆகிவிடுகிறது. அப்போது தாங்கும் திறன் ஒன்றேகால் மடங்கு மட்டுமே. சிலிண்டரைக் கிடையாகப் பொருத்தியிருந்தார்கள். தன் எடையாலேயே ராடு சற்றுத் தொய்ந்தது. ஒரு முனையின் பின் கிரீஸ் இல்லாமல் இறுகியிருந்தது. அந்தக் கால் மடங்கு காப்பு எங்கே போதும்? 70 மில்லிமீட்டர் ராடாக இருந்திருந்தால் மூன்று மடங்கு தாங்கியிருக்கும்.

அந்தத் தாளை எடுத்துக்கொண்டு முதலாளியிடம் சென்றேன். "பிழை கம்ப்யூட்டருடையதன்று, பெண்ணுடையதும் அன்று. நான் பாதி விதியைத்தான் சொல்லிக்கொடுத்தேன்" என்றேன். மேஸ்திரியையும் மற்றவர்களையும் அழைத்து அவர்கள் முன்னிலையிலும் சொன்னேன். முதலாளி சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "புதுச் சிலிண்டரை நம் செலவிலேயே அனுப்பிவிடுங்கள். இனி இப்படி நடக்காமல் இருக்க என்ன செய்யப்போகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு வழி கண்டவள் அந்தப் பெண்தான். ஒரு நீள நோட்டை எடுத்து ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று பத்திகள் கோடிட்டாள். முதல் பத்தி விதி, இரண்டாவது காரணம், மூன்றாவது எல்லை. "சாச்சா, இனிமேல் நீங்கள் ஒன்று சொன்னால் நான் ஏன் என்று கேட்பேன். எதுவரை என்றும் கேட்பேன். கோபித்துக்கொள்ளக் கூடாது" என்றாள்.

அன்று தொடங்கிய கேள்விகள் பல வாரங்கள் நீண்டன. குழாயின் வாயில் ஏன் சரிவு கொடுக்கிறோம்? இல்லையேல் பிஸ்டனை உள்ளே செலுத்தும்போது ரப்பர் சீல் கூர்விளிம்பில் அறுபடும். எண்ணெய் நுழையும் துளையை ஏன் அவ்வளவு ஓரத்தில் வைக்கிறோம்? பிஸ்டன் சீல் அந்தத் துளையைக் கடந்து போனால், துளையின் விளிம்பு அதைக் கொறித்துவிடும். சில கேள்விகளுக்கு என்னிடம் விடையில்லை. மேஸ்திரியைக் கேட்டோம். லேத்தின் முன் முப்பது ஆண்டுகள் நின்றவருக்கு என்னைவிட அதிகம் தெரிந்திருந்தது. "அப்போதே சொன்னேன்" என்றவரே தன் மதிய உணவை முடித்துக்கொண்டு எங்கள் மேசைக்கு வந்து உட்காரத் தொடங்கினார். தம் அனுபவத்தை ஒருவர் எழுதிக்கொள்கிறார் என்பதே அவருக்கு மகிழ்ச்சி.

நிரலையும் அவள் திருத்தினாள். யாராவது தட்டும் எண் மூன்றாம் பத்தியில் குறித்த எல்லையைக் கடந்தால், அது வரைய மறுத்து நின்றுவிடும். திரையில் இரண்டே சொற்கள் தோன்றும்: "ஆஸ்க் சாச்சா". பட்டறையில் எல்லாரும் சிரித்தார்கள். ஆனால் அதன்பின் எங்களிடமிருந்து வளையும் ராடு ஒன்றும் வெளியே போகவில்லை.

ஒரு செயலைப் படிப்படியாக வகுத்துச் சொல்லும் முறைக்கு அல்காரிதம் என்று பெயர். 9ஆம் நூற்றாண்டில் பாக்தாத் நகரில் வாழ்ந்த கணித அறிஞர் அல்குவாரிஸ்மியின் பெயரே இலத்தீனில் மருவி அச்சொல்லாயிற்று. இயந்திரக் கலையில் மற்றொரு பெயர் அல்ஜஸரி. தியார்பக்ர் நகரின் அர்தூக் மன்னர் அவையில் பணியாற்றிய அவர், நீர்க்கடிகாரங்கள், நீரிறைக்கும் பொறிகள் முதலிய ஐம்பது கருவிகளை விளக்கி 1206இல் ஒரு நூலை முடித்தார். படம் மட்டும் வரைந்து அவர் நிறுத்தவில்லை. ஒவ்வோர் உறுப்பையும் எப்படிச் செய்வது, எப்படிப் பொருத்துவது என்று கைவினைஞனுக்குச் சொல்வது போல் எழுதினார். அதனால்தான் எண்ணூறு ஆண்டுகளுக்குப் பின்னரும் அவருடைய பொறிகளைச் செய்து பார்க்க முடிகிறது. எழுதாமல் போன கைத்திறன் எத்தனை எத்தனையோ கபருக்குள் போய்விட்டது.

எங்கள் பட்டறை கற்றது சிறிய பாடம். அதையே பெரிய அளவில் காண ஆவடிவரை சென்றால் போதும். அங்கே 1965இல் வெளிவந்த விஜயந்தா டாங்கி, பிரிட்டனின் விக்கர்ஸ் நிறுவனத்தின் வடிவமைப்பு. ஒரு வரைபடம் கையில் இருந்தால், திறமையுள்ள தொழிலாளர் அதைப் பார்த்துச் செய்துவிடலாம். ஆனால் இந்தத் தகடு ஏன் இவ்வளவு தடிப்பு, இந்தத் தண்டு ஏன் இவ்வளவு பருமன் என்பதை வரைபடம் சொல்வதில்லை. அதை அறிந்தவனே மாற்றவும் புதிதாக வடிவமைக்கவும் முடியும். நம் நாட்டுக்கென்று சொந்த டாங்கியை வடிவமைக்கும் அர்ஜுன் திட்டத்துக்கு 1974இல் ஒப்புதல் கிடைத்தது. ஆவடியில் 1976இல் தொடங்கப்பட்ட போர் ஊர்தி ஆராய்ச்சி நிறுவனம் அதை முன்னின்று நடத்தியது. முதல் தொகுதி இராணுவத்திடம் சேர்ந்தது 2004இல். தாமதத்துக்குக் காரணங்கள் பல. எனினும், பிறர் வரைந்ததைப் பார்த்துச் செய்வதற்கும் அளவுகளின் காரணத்தைத் தாமே தேடிக் காண்பதற்கும் இடையே எவ்வளவு தொலைவு உண்டு என்பதற்கு அதுவும் ஒரு சான்று.

இனி, பூவிருந்தவல்லிச் சகோதரியின் கேள்விக்கு வருகிறேன்.

இன்று கம்ப்யூட்டர் எங்கள் காலத்தைவிட வெகுதூரம் வந்துவிட்டது. பளுவையும் தாங்கும் இடங்களையும் குறித்துக் கொடுத்தால், மென்பொருளே பல வடிவங்களைத் தானே உருவாக்கி முன்வைக்கிறது. செயற்கை நுண்ணறிவு வேறு வந்துவிட்டது. ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப வரைவது மட்டுமே வேலையாகக் கொண்டிருந்தவர்களுக்கு இடம் சுருங்கிவிட்டது என்பது உண்மை. அதை மறைத்து ஆறுதல் சொல்ல மாட்டேன். ஆனால் பளு எவ்வளவு, எந்தத் திசையில் வரும், பின் இறுகிப்போனால் என்ன ஆகும், எத்தனை மடங்கு காப்பு வேண்டும் என்று அந்த இயந்திரத்துக்குச் சொல்ல ஒருவர் வேண்டும். அது தந்த விடையைப் பார்த்து, "இது 56 அன்று, 70" என்று மறுக்கவும் ஒருவர் வேண்டும். பாதி விதியைக் கொடுத்தால், கம்ப்யூட்டர் பாதி விதியைத்தான் பின்பற்றும். முன்னைவிட வேகமாகவும் அழகாகவும் பின்பற்றும். ஆபத்தும் அங்கேதான்.

ஆகவே மகளுக்கு நான் சொல்ல விரும்புவது இது. மென்பொருளின் கட்டளைகளை மட்டும் கற்பிக்கும் பயிற்சிக்குப் பெரும் பணம் கட்ட வேண்டாம். கட்டளைகள் சில ஆண்டுகளில் மாறிவிடும். பொருள்களின் வலிமை பற்றிய பாடத்தை மறுபடி எடுத்துப் படிக்கட்டும். அளவுகளில் விடத்தக்க ஏற்றத்தாழ்வு, ஒன்றோடொன்று பொருந்தும் முறை ஆகியவற்றைத் தெளிவாகக் கற்கட்டும். ஓய்வுபெற்ற பெரியவர் எவரிடமாவது பழைய டிசைன் டேட்டா புத்தகம் இருந்தால் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளட்டும். எந்தப் பட்டறையில் சேர்ந்தாலும் முதல் ஆறு மாதம் தினமும் ஒரு மணி நேரமாவது லேத்தின் பக்கத்தில் நிற்கட்டும். நிரல் எழுதவும் கற்கட்டும். இவற்றோடு ஒரு நீள நோட்டும், அதில் மூன்று பத்திகளும் இருந்தால் போதும்.

வீட்டிலுள்ள பெரியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். நம் இல்லங்களில் லேத்து ஓட்டியவர்கள், வெல்டிங் செய்தவர்கள், வளைகுடா நாடுகளில் குழாய் பதித்தவர்கள் எத்தனையோ பேர் ஓய்வாக அமர்ந்திருக்கிறார்கள். அவர்கள் அறிந்தவற்றை யாரும் கேட்பதில்லை; கேட்காததால் அவர்களும் சொல்வதில்லை. மகனோ மகளோ பேத்தியோ ஒரு மாலைப்பொழுது பக்கத்தில் அமர்ந்து, "இதை ஏன் அப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள்.

நான் ஓய்வுபெற்ற நாளன்று அந்தப் பெண் என்னிடம் வந்து, "சாச்சா, திரையில் வரும் அந்த இரண்டு சொற்களை இனி என்னவென்று மாற்றுவது?" என்று கேட்டாள். "உன் பெயரைப் போட்டுக்கொள்" என்றேன். அவள் சம்மதிக்கவில்லை. இரண்டாண்டுகள் கழித்து ஒருமுறை பட்டறைக்குப் போயிருந்தபோது, வேண்டுமென்றே ஒரு நீண்ட ஸ்ட்ரோக்கைத் தட்டிப் பார்த்தேன். கம்ப்யூட்டர் நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் ராடைத் தானே தேர்ந்து வரைந்தது. வரைபடத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் இருந்தது: "நீளம் கருதி ராடு பெரிதாக்கப்பட்டது."

1986இல் நான் எழுதாமல் விட்ட வரி அது.